பார்க்காத பிள்ளைக்கு ஒரு சைக்கிள்

போன மாதம் பதுளைக்குப் போனபோது, நான் வேலை செய்து ஓய்வுபெற்ற சைக்கிள் கடையை எட்டிப் பார்த்தேன். இப்போது அங்கே விற்பனை வேலை பார்க்கும் நிரோஷா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கத்தாரில் வேலை செய்யும் ஒரு தகப்பன், எல்ல என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தன் மகனுக்கு மவுண்டன் சைக்கிள் வேண்டும், பாரம் குறைந்ததாக வேண்டும் என்று போனிலேயே கேட்டிருக்கிறாராம்.

"ஆளப் பாக்காம எப்படிக்கா சைஸ் சொல்றது? கடையில இருக்கிறத எல்லாம் படம் புடிச்சு அனுப்பி, நீங்களே ஒண்ண எடுத்துக்கங்கன்னு சொல்லிறவா?"

"ஒருக்கா நான் அப்படி ஆளப் பாக்காமலே குடுத்திருக்கேன்" என்றேன்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். சொன்னேன். சொல்லி முடித்ததும், "இத எழுதி வைங்கக்கா" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கமலா. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பள்ளி முடிக்கும் உயர்தரப் பரீட்சையில் பெறுபேறு சரிவராமல் வீட்டில் இருந்தபோது, பதுளையில் சைக்கிள் கடை ஒன்றில் பில் எழுத ஆள் தேவை என்றார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பில் எழுதப் போனவள் சும்மா இருக்கும் நேரத்தில் பட்டறைப் பக்கம் போய் நின்று பார்த்தேன். பிறகு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். பிறகு நானே பூட்டினேன். கொஞ்ச நாளில் பில் எழுத வேறு ஒரு ஆளைப் பிடித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும்போது கையில் கிரீஸ் மணக்கும். அம்மா மட்டும், "பில்லு எழுதுற கையா இது" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்தவர். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுநராக இங்கே மாற்றலாகி வந்து, வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவர். எந்நேரமும் முழுக்கை வெள்ளைச் சட்டை. அந்தக் கடையில் இத்தனை கிரீசுக்கு நடுவில் அது எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரம் கூடக் கூட, கோபமும் அதிகம் என்று அர்த்தம்.

வாடிக்கையாளர் யார் வந்தாலும் மற்றக் கடைக்காரர்கள் "என்ன வேணும்?" என்று கேட்பார்கள். ஐயா, "ஆருக்கு?" என்று கேட்பார். பிள்ளைக்கு என்றால் பிள்ளை கடைக்கு வர வேண்டும். பிள்ளையைக் கூட்டி வராதவருக்குச் சைக்கிள் இல்லை. வந்த பணம் திரும்பிப் போகிறதே என்று ஆரம்பத்தில் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

பிள்ளை வந்தால் நடப்பது இதுதான். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகு ஒட்ட நிற்க வேண்டும். ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே வரை தள்ளி, அதன் விளிம்பு சுவரில் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். மொத்த உயரத்தை விட அந்தக் கால் உயரம்தான் முக்கியம். பிறகு பிரேமுக்கு மேலே இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்க வைப்பேன். பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவில் என் நான்கு விரல் சேர்ந்து நுழைய வேண்டும். அடுத்து, ஹேண்டிலைப் பிடித்தபடியே பிரேக் பிடியை இரண்டு விரலால் எட்டி அமுக்க முடிகிறதா என்று பார்ப்பேன். சின்னக் கைகளுக்கு அந்தப் பிடியை ஒரு சிறு ஸ்க்ரூவால் உள்ளுக்குக் கொண்டுவரலாம்.

கடைசியாக, ஐயா கடைவாசல் படியைக் காட்டுவார். "தூக்கிக்கொண்டு ஏறுங்கோ பாப்பம்" என்பார். எங்கள் பக்கத்தில் சைக்கிள் என்றால் பாதி ஓட்டுவது, மீதி தள்ளுவதும் தூக்குவதும். ரோட்டிலிருந்து தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் படிகளில் எந்தக் கியரும் உதவாது.

அந்த நாட்களில் அதிர்வு தாங்கும் சொக் இரண்டு வைத்த மவுண்டன் சைக்கிள்கள் வந்து குவிந்தன. முன் போர்க்கில் ஒன்று, நடுவில் ஒரு சுருள் கம்பி. பார்க்க மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும், பிள்ளைகள் மயங்கிவிடும். தூக்கினால் மாவு மூட்டை. பண்டாரவளையில் இருந்து வந்த ஒருவர் பிடிவாதமாக அப்படி ஒன்றைத் தன் ஒன்பது வயது மகனுக்கு வாங்கிப் போனார். அடுத்த ஞாயிறே இருவரும் திரும்பி வந்தார்கள். தகப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்த்து வந்தார், மகன் கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தான். ஐயா இலேசான ஒன்றாக மாற்றிக் கொடுத்தார்.

இன்னொரு வகைப் பெற்றோர், "வளர்ற புள்ளதானே, கொஞ்சம் பெருசா குடுங்க" என்பார்கள். அதற்கு ஐயாவிடம் ஒரே பதில்தான். "சப்பாத்தைப் பெரிசா வாங்கினா நுனியில பஞ்சு அடைக்கலாம். சைக்கிளுக்குள்ள என்னத்தை அடைக்கிறது?"

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஜப்பானில் பாவித்துக் கழித்த பழைய சைக்கிள்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின. ஐயா ஒரு லொறி நிறைய வாங்கி வந்து பின்பக்க ஸ்டோரில் கொட்டினார். கொட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதில் எது இரும்பு, எது அலுமினியம் என்று பெயின்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐயா என்னிடம் ஒரு காந்தத்தைக் கொடுத்தார். ஒட்டினால் இரும்பு, வழுக்கினால் அலுமினியம். அந்தக் குவியலைப் பிரித்து அடுக்க எங்களுக்கு நேரம் கிடைக்கும் முன்பே ராஜேஸ்வரி என்று ஒருத்தி வந்துவிட்டாள்.

ஒரு நாள் காலை, கொழும்பில் இருந்து வரும் இரவு ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்து கொஞ்ச நேரத்துக்குள் ஒரு த்ரீவீலர் கடை வாசலில் நின்றது. இரண்டு பெரிய வெளிநாட்டுப் பெட்டிகள், ஒரு கைப்பை. இறங்கியவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். நேராக என்னிடம் வந்து, "மவுண்டன் சைக்கிள் ஒண்ணு வேணுங்க. நல்லதா, பாரமில்லாததா" என்றாள்.

உள்ளே இருந்து ஐயாவின் குரல் வந்தது. "ஆருக்கு?"

"மகளுக்குங்க."

"பிள்ளை எங்கை?"

"வீட்டுலங்க. அல்துமுல்லைக்கு மேல தோட்டத்துல. நான் வந்தது அவளுக்குத் தெரியாது."

"எவ்வளவு உயரம் இருப்பா?" என்று நான் கேட்டேன்.

அவள் கையை இடுப்பளவில் நீட்டினாள். நீட்டிய கையைத் தானே பார்த்தாள். நெஞ்சளவுக்கு உயர்த்தினாள். பிறகு கொஞ்சம் இறக்கினாள். கை அந்தரத்தில் நின்றது.

"தெரியலைங்க" என்றாள்.

புருஷன் இறந்ததும், ஐந்து வயதுப் பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பித்து, இடையில் ஒரு தடவையும் வரவில்லை. இப்போது பிள்ளைக்குப் பதினொரு வயது. இது இரண்டு மாத லீவு. அப்புத்தளையில் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியவள், இறங்காமல் கடைசி ஸ்டேஷன் வரை வந்திருக்கிறாள்.

"அப்புத்தளையில ரயில் நின்னப்ப மூஞ்சிய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்து இறக்கிருவாங்கன்னு பயம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா. நாளைக்கும் கடை திறந்துதான் இருக்கும்."

"இல்லீங்க. வெறுங்கையோட அவ முன்னால போய் நிக்க முடியாது" என்றாள். "தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தங்கச்சி அவள டவுனுக்குக் கூட்டிப் போய் போன் எடுத்துக் குடுப்பா. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு போனத் திருப்பிக் குடுத்துருவா. போன வாட்டிதான் நின்னு பேசினா. ரோட்டுல மதகு மழைக்கு அடிச்சிட்டுப் போயிருச்சாம். பலக போட்டிருக்காங்களாம். ஸ்கூல் வேன் வர்றதில்ல. பொடியங்க சைக்கிளத் தூக்கிக்கிட்டுப் பலகையத் தாண்டிப் போறாங்க, எனக்கும் ஒண்ணு வேணும், நானே தூக்கக் கூடியதா வேணும்னா. ஆறு வருஷத்துல அவ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

ஐயா துடைத்துக்கொண்டே இருந்தார். இது கோபமில்லை என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "படம் கிடம் இருக்கோ?" என்று கேட்டார்.

கைப்பையிலிருந்து பொலித்தீன் உறை போட்ட ஒரு புகைப்படத்தை எடுத்தாள். லயத்துத் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில், நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு ஒல்லிப் பிள்ளை நின்றது.

என் கண் பீப்பாயில்தான் போனது. அதே அளவுப் பீப்பாய், டியூப் ஓட்டை பார்க்கத் தண்ணீர் நிரப்பி, எங்கள் பட்டறைக்குப் பின்னால் நின்றது. "ஐயா, வாங்க" என்று படத்தோடு ஓடினேன். இருவரும் பின்னால் ஓடி வந்தார்கள். படத்தில் பீப்பாயின் விளிம்பு பிள்ளையின் நெஞ்சில் எங்கே வருகிறது, விளிம்புக்கு மேலே தலை எவ்வளவு இருக்கிறது என்று ஈர்க்கால் அளந்து, உண்மைப் பீப்பாய்க்குக் கணக்குப் பார்த்து, ஐயா பின்சுவரில் ஒரு கோடு போட்டார்.

"இது எப்ப எடுத்தது?"

"போன வருஷம் திருவிழாவுக்குங்க."

"அப்ப இது பழைய பிள்ளை" என்றார் ஐயா. "அதுக்குப் பிறகு எவ்வளவு வளர்ந்தாளெண்டு தெரிய வேணும். உடுப்பு, சப்பாத்து ஏதும் அனுப்பினனீங்களோ?"

"சப்பாத்து அனுப்பினேங்க. பத்தலன்னாங்க. அடுத்த நம்பர் அனுப்பினேன். அதுவும் ஒரு ஸ்கூல் தவணைக்குள்ள கடிக்குதுன்னு தங்கச்சி சொன்னா."

"ஐயா, பாதம் அப்படி ஓடுதுன்னா காலும் பின்னாலயே ஓடியிருக்கும்" என்றேன். "இவங்க உசரத்தையும் பாருங்க."

ஐயா பழைய கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டார். நான் பென்சிலை வாங்கி அதற்கும் மேலே ஒன்று போட்டேன். அவர் என் கோட்டை ஏற்கவில்லை. "கூட்டிப் போட்டா பெரிய சைக்கிள் குடுப்பாய். இறக்கத்தில கால் ஊண்ட ஏலாமல் விழுவாள்." நான், "கொறைச்சுப் போட்டா ஏத்தத்துல முழங்கால் ஹேண்டில்ல இடிக்கும், ஓட்டாம மூலையில போட்டுருவா" என்றேன். அவரோடு நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ராஜேஸ்வரி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து அந்தக் கோடுகளைப் பார்த்தாள். மேல் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தலையில் கை வைப்பது போல் அப்படியே வைத்திருந்தாள்.

"இவ்வளவா" என்றாள்.

ஐயா என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம், "பிரேம் என்ரை கோட்டுக்கு எடு. சீட் கம்பி உன்ரை கோட்டுக்கு எடு. வளர்றதுக்கு இடம் விடுறது கம்பியில" என்றார். அன்று விளங்கியதுதான் அந்தத் தொழிலில் எனக்கு மிஞ்சியது. பிரேம் இன்றைய பிள்ளைக்கு. சீட்டைத் தாங்கும் கம்பியும், ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கழுத்தும் நாளைய பிள்ளைக்கு.

இனி அந்த அளவில், தூக்கக்கூடிய ஒன்று வேண்டும். மூவரும் ஸ்டோருக்குள் இறங்கினோம். நான் குவியலின் மேல் ஏறி நின்று ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்தேன். டக், டக், டக் என்று எல்லாவற்றிலும் ஒட்டியது. ராஜேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் கழித்ததை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டாள். பயணக் களைப்பு அவள் முகத்தில் எங்கே போனதோ தெரியவில்லை. அடியில், சுவரோரம், கரும்பச்சை நிறத்தில் ஒன்று தலைகீழாகக் கிடந்தது. மேல் கம்பி நல்ல சரிவு. சில்லு, அதாவது சக்கரம், நடுத்தர அளவு, பெரியவர்களுடையதை விட ஒரு படி சின்னது. கையை நுழைத்துக் காந்தத்தை வைத்தேன். வழுக்கி விழுந்து குவியலுக்குள் எங்கோ போனது.

"ஐயா, ஒட்டல" என்றேன்.

"திரும்ப வை."

"காந்தம் விழுந்திருச்சு ஐயா. ஆனா ஒட்டல."

அதை வெளியே எடுக்க மூவரும் மல்லுக்கட்டினோம். எடுத்ததும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். எதிர்பார்த்த பாரம் வராமல் கை தானாக மேலே போனது. சொக் கிக் எதுவும் இல்லாத நேர் போர்க். ஐயா கடையில் ஒரு கொழுந்துத் தராசு தொங்கவிட்டிருந்தார், தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் அதே முள் தராசு. சைக்கிளைக் கொக்கியில் மாட்டி முள்ளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஒரு நேரக் கொழுந்து கூட இல்லை" என்றார். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு வேளைக்குப் பறித்து, முதுகில் சுமந்து மலை ஏறுகிற பாரம் அது. ராஜேஸ்வரிக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சைக்கிளோ டயர் காற்றில்லாமல், செயின் துருவேறிக் கிடந்தது. நான் பின்சில்லைக் கழற்றினேன், பட்டறையில் இருந்த மற்ற இருவர் முன்சில்லையும் பிரேக்கையும் எடுத்துக்கொண்டார்கள். புது டியூப், புது பிரேக் கம்பி, புது செயின். ஏற்றத்துக்கு இலேசாக இருக்கப் பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டேன். இரும்பு ஸ்டாண்டையும் பின் கரியரையும் கழற்றி எறிந்தோம். பாரம் இன்னும் இறங்கியது. ஐயா வெள்ளைச் சட்டையோடு கீழே உட்கார்ந்து பெடலுக்கு எண்ணெய் விட்டார். ராஜேஸ்வரியை உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. துணியை எடுத்துச் சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

முடித்து நிமிர்ந்ததும் ஐயா என்னைப் பார்த்து, "ஆளைப் பாக்காமல் குடுத்தா வேலை அரைவாசிதான். மிச்சத்தை நீ போய் முடிச்சுப்போட்டு வா" என்றார். நீளமும் கட்டையுமாக இரண்டு சீட் கம்பி, இரண்டு ஹேண்டில் கழுத்து, எல் வடிவச் சாவிகள், சுவரின் இரண்டு கோடுகளையும் குறித்த அளவு நாடா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஸ்டாண்டில் ஒரு வேனைப் பேசி, ராஜேஸ்வரியோடு ஏறினேன்.

அப்புத்தளையைத் தாண்டும்போது வழக்கம் போல் பனிமூட்டம். ராஜேஸ்வரி இப்போது முகத்தை மூடவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். கீழே அல்துமுல்லையில் வெயில். பிரதான ரோட்டிலிருந்து தோட்டத்து ரோட்டில் வேன் திரும்பியபோது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளின் முகங்களைத்தான் பார்த்தாள்.

உடைந்த மதகோடு ரோடு முடிந்தது. பெட்டிகளோடு இறங்கினோம். எங்களுக்கு முன்பே அங்கே வந்துவிட்ட ஒரு நெட்டைப் பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறப் போனது. ராஜேஸ்வரி அதைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, மேல் டிவிஷன் தர்ஷினி பின்னால வர்றாளா?"

அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. பெட்டிகளைப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது.

"நான்தான் தர்ஷினி" என்றது.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வேன் டிரைவர் இல்லாத வேலைக்குப் பொனெட்டைத் திறந்தார். ராஜேஸ்வரி இரண்டு எட்டு வைத்துப் பிள்ளையின் தலையில் கை வைத்தாள். அந்தக் கை சுவரில் வைத்த உயரத்தை விடக் கொஞ்சம் மேலே போய்த்தான் நின்றது. பிள்ளை விலகவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை.

"நீங்க வந்தது சித்திக்குத் தெரியுமா?" என்று கேட்டது.

"தெரியாது கண்ணு. மொதல்ல உன்னத்தான் பாக்குறேன்."

நான் வேனுக்குள்ளிருந்து சைக்கிளை இறக்கினேன். பிள்ளையின் கண் அதில் ஒட்டியது.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். நீ கேட்டியே."

"நீ வந்து நில்லு பாப்பா" என்று நான் அவசரமாகக் கூப்பிட்டேன். அளவு சரியா என்று பார்க்கும் வரை எனக்குப் பொறுக்கவில்லை. மண்மேட்டோடு முதுகை ஒட்ட நிற்க வைத்து, அவளுடைய பாடப் புத்தகத்தையே தலைமேல் வைத்து நாடாவைப் பிடித்தேன். ஐயாவின் கோட்டையும் தாண்டி, என் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் மேலே நின்றது தலை. நாங்கள் இருவரும் தோற்றிருந்தோம். பிரேமுக்கு மேலே கால் போடச் சொன்னேன். நான்கு விரல் தாராளமாக நுழைந்தது. கட்டைச் சீட் கம்பியை உருவிவிட்டு நீளமானதைப் போட்டேன். கம்பியில் இருக்கும் எல்லைக் கோட்டுக்கு இன்னும் நிறைய இடம் மிச்சமிருந்தது. கழுத்தையும் நீளமானதாக மாற்றி, பிரேக் பிடியை உள்ளுக்கு எடுத்து, "இப்ப ஏறி உக்காரு" என்றேன். பெடல் கீழே போகும்போது முழங்கால் இலேசாக மடிந்து நின்றது. எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. எனக்கு அந்த ரோட்டில் நின்று கத்த வேண்டும் போல் இருந்தது.

"ஓட்டத் தெரியுமா?"

"பொடியங்க சைக்கிள்ல ஓட்டியிருக்கேன்" என்றாள். "மொதல்ல தூக்கிப் பாக்குறேன்."

இறங்கி, பிரேமுக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். அதிகப் பாரத்துக்குத் தயாராகக் காலை ஊன்றியிருந்தவள், தூக்கியதும் ஒரு தரம் பின்னால் தள்ளாடி, சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அதுதான் முதல். பலகையில் வெறுங்காலோடு நடந்தாள். கீழே தண்ணீர் கல்லில் மோதி ஓடியது. ராஜேஸ்வரி என் கையைப் பிடித்து நசுக்கினாள். அக்கரையில் சைக்கிளை இறக்கி வைத்து, பெல்லை ஒரு தரம் அடித்துவிட்டு ஏறினாள். சின்னக் கியரில் கால்கள் சுழன்றன. பின்னால் வந்து சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் பலகையில் ஓடிக் கடந்து அவளைத் துரத்தினார்கள். வளைவில் அவள் மறைந்தாள்.

இக்கரையில் நாங்களும் இரண்டு பெட்டிகளும் நின்றோம். ராஜேஸ்வரி வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சல் மேலே மேலே போய்க் கேட்காமல் போனது. அவள் குனிந்து ஒரு பெட்டியின் பிடியைப் பிடித்தாள்.

அப்போது வளைவில் பிள்ளைகள் கூட்டம் இல்லாமல் சைக்கிள் மட்டும் இறங்கி வந்தது. மதகுக்கு முன்னால் பிரேக் பிடித்து நின்று, தர்ஷினி மூச்சு வாங்கினாள்.

"அந்தக் கைப்பையக் குடுங்க. ஹேண்டில்ல தொங்கவிட்டுக் கொண்டு போறேன். பெட்டிக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்."

ராஜேஸ்வரி பையோடு பலகையில் ஏறினாள். நான் பதுளைக்குத் திரும்பினேன். ஐயா கடையைப் பூட்டாமல் காத்திருந்தார். இருவரும் தோற்றோம் என்று சொன்னதும், எவ்வளவால் என்று கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன். சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பதினாறு வயதில் சாதாரணதரப் பரீட்சை எழுதும் வரை அந்தப் பிள்ளைக்கு அதே சைக்கிள்தான், சீட் கம்பி மட்டும் ஏறிக்கொண்டே போனது என்பதை நிரோஷாவுக்குச் சொன்னேன். ஆனால் கதை அதில் முடியவில்லை.

ராஜேஸ்வரியின் லீவு முடியும் காலத்தில், ஒரு சனிக்கிழமை, தாயும் மகளும் கடைக்குள் நுழைந்தார்கள். மகள் முன்னால் வந்தாள். ஏதோ பழுது என்று நினைத்தேன்.

"அக்கா, இவங்களுக்கு ஒரு சைக்கிள் பாருங்க" என்றாள் தர்ஷினி. "பாரமில்லாததா. ஏத்தத்துல இவங்களுக்கு மூச்சு வாங்கும்."

நான் ராஜேஸ்வரியைப் பார்த்தேன். "பயணம் எப்ப?"

"போகலைங்க. அல்துமுல்லையில தையல் கடையில சேந்துட்டேன். ஏஜென்சிக்காரர் ஒரே சத்தம். போடட்டும்." மகளைக் காட்டினாள். "காலையில நானும் எறங்குறேன், அந்தியில ஒண்ணா ஏறலாம், நீங்களும் ஓட்டப் பழகுங்கன்னா. இந்த வயசுல."

அன்று அளப்பதில் சண்டை இல்லை. ஆள் நேரில் நின்றாள். சைக்கிளை எடுத்து வைத்ததும் தர்ஷினிதான் முதலில் தூக்கிப் பார்த்தாள். இரண்டை வேண்டாம் என்றாள், மூன்றாவதற்குத் தலையாட்டினாள். பழக்குவதற்குப் பக்கத்தில் இருந்த வெறும் மைதானத்துக்குப் போனோம். ஐயா கடையை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார்.

தர்ஷினி சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். ராஜேஸ்வரி ஹேண்டிலை ஆட்டிக்கொண்டு நேரே புல் மேட்டில் போய் மோதி உட்கார்ந்தாள். எழுந்தாள், சேலையைத் தட்டினாள், ஏறினாள், மறுபடி விழுந்தாள். பிறகு விழாமல் கொஞ்ச தூரம் போனாள். இன்னும் கொஞ்ச தூரம் போனாள். வேர்த்துக் கொட்ட மூச்சு வாங்க நின்று, "இன்னொருக்கா புடி" என்றாள்.

"இல்லம்மா, இனிப் புடிக்க மாட்டேன்" என்றாள் தர்ஷினி. "நீயே ஓட்டு."

ராஜேஸ்வரி திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டு, பெடலில் காலை வைத்து மிதித்தாள்.